மைரிமாஷிதா! இருமா-குன்: புதிதாகப் படிக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஓசாமு நிஷி எழுதி வரையும் இந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) 2017 மார்ச் முதல் ஜப்பானில் அகிதா ஷோட்டென் நிறுவனத்தின் ‘வீக்லி ஷோனென் சாம்பியன்’ வார இதழில் தொடராக வருகிறது. ஆங்கிலத்தில் ‘வெல்கம் டு டீமன் ஸ்கூல்! இருமா-குன்’ என்ற பெயரில் கிடைக்கிறது. வேற்றுலகக் கதை பிடிக்குமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். அப்படிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரிய திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கவில்லை.

கதை என்ன?

சுசுகி இருமா 14 வயதுப் பையன். அவனுடைய அப்பா, அம்மா இருவருமே உழைக்கப் பிடிக்காதவர்கள். சின்ன வயதிலிருந்தே மகனை வேலைக்கு அனுப்பி, அந்தக் காசில் காலம் தள்ளியவர்கள். ஒருநாள் மகனையே ஒரு பிசாசுக்கு விற்றுவிடுகிறார்கள். ஒப்பந்தம், கையெழுத்து எல்லாம் முறைப்படி முடிந்த பிறகுதான் பையனுக்கே விஷயம் தெரிகிறது.

வாங்கியவர் சல்லிவன் என்ற கிழப் பிசாசு. தன்னைத் தின்னத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று இருமா நடுங்குகிறான். ஆனால் அவருக்கு வேண்டியது ஒரு பேரன். அவரோடு சம அந்தஸ்தில் இருக்கும் இன்னும் இரண்டு பெரிய பிசாசுகள் எப்போது பார்த்தாலும் தங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியே பெருமை பேசுகிறார்கள். இவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அந்த ஏக்கத்தில் வந்து கெஞ்சுகிறார். இருமாவுக்கு யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாது. சரி என்று சொல்லிவிடுகிறான்.

சல்லிவன்தான் பாபில்ஸ் என்ற பிசாசுப் பள்ளியின் தலைவர். மறுநாளே பேரனைக் கொண்டுபோய் அங்கே சேர்த்துவிடுகிறார். அந்தப் பள்ளியின் பாட்டே மனிதர்களைத் தின்பதைப் பற்றியது. பெரும்பாலான பிசாசுகளுக்கு மனிதன் என்பது கதையில் கேட்ட உயிரினம்தான், நேரில் பார்த்ததில்லை. சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் நடுவில், தான் மனிதன் என்பது வெளியே தெரியாமல் இருமா படித்து முடிக்க வேண்டும்.

மற்ற வேற்றுலகக் கதைகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

வழக்கமான வேற்றுலகக் கதையில் நாயகன் செத்துப்போகிறான், அல்லது ஒரு மன்னர் அரக்கனை ஒழிக்க அவனை வரவழைக்கிறார். போன இடத்தில் ஒரு பெரிய சக்தி கைக்கு வரும். வீடியோ கேம் மாதிரி நிலைகளும் புள்ளிகளும் கண்முன் தோன்றும். இங்கே அது எதுவும் இல்லை. இருமாவை யாரும் வீரன் என்று அழைத்து வரவில்லை. அவன் வீழ்த்த வேண்டிய எதிரி யாரும் கிடையாது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் பள்ளிக்குப் போவது, பரீட்சை எழுதுவது, நண்பர்களோடு சாப்பிடுவது.

எனக்கு இதைவிடப் பெரிய வேறுபாடாகப் படுவது இன்னொன்று. பெரும்பாலான வேற்றுலகக் கதைகளில் பின்னால் விட்டு வந்த வீடு பாதுகாப்பானது, போன இடம் ஆபத்தானது. இந்தக் கதையில் அவன் விட்டு வந்த வீடுதான் ஆபத்தானது. அந்தப் பையனுக்குத் தினமும் வயிறு நிறையச் சோறு போட்டு, உடம்பு சரியில்லை என்றால் பதறி, பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்கும் முதல் ஆள் ஒரு பிசாசு. மங்கா இதை ஒரு தடவைகூட உரக்கச் சொல்வதில்லை. படிக்கப் படிக்க அது மனதில் ஏறிக்கொண்டே போகிறது.

இருமாவுக்குச் சக்தி ஏதாவது உண்டா?

சொந்தமாக மந்திர சக்தி கிடையாது. அவனிடம் இருப்பது தப்பிக்கும் திறமை. பெற்றோர் தள்ளிவிட்ட ஆபத்தான இடங்களிலெல்லாம் பிழைத்து வந்ததால், மேலே வந்து விழும் எதிலிருந்தும் உடம்பு தானாக விலகிவிடும். இதைத் திறமை என்பதா, காயத்தின் தழும்பு என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கதை இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

பிறகு ஒரு மோதிரம் வருகிறது. பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் தகுதிநிலையைக் காட்டும் சின்னத்தை ஓர் ஆந்தை கொடுக்கும். இருமாவின் முறை வரும்போது அது சின்னத்துக்குப் பதிலாகப் ‘பெருந்தீனி மோதிரம்’ என்ற ஒன்றைக் கொடுக்கிறது. சுற்றியுள்ள மந்திர சக்தியை விழுங்கும் மோதிரம் அது. சல்லிவன் தன் சக்தியை அதில் ஏற்றிக் கொடுப்பதால் இருமாவால் மந்திரம் செய்ய முடிகிறது. அதாவது அவன் செலவழிப்பதெல்லாம் தாத்தா கொடுத்த கைக்காசுதான்.

கொஞ்சம் போன பிறகு அந்த மோதிரத்துக்குள்ளிருந்து அலிக்ரெட் என்ற ஒரு நிழலுருவம் பேசத் தொடங்குகிறது. இருமாவுக்கு மட்டுமே அது தெரியும். அலிசான் என்று கூப்பிடுவான். இவர்கள் இருவருடைய பேச்சும் இந்த மங்காவின் தனிச் சுகம்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

அடிப்படை மிக எளிது. இருமா கண்ணில் படாமல் ஒதுங்கி இருக்க நினைப்பான். அதற்காக அவன் எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் அவனை இன்னும் பெரிய ஆளாக்கிவிடும்.

முதல் நாள் நடப்பதைப் பாருங்கள். சேர்க்கை விழா மேடையில் சல்லிவன் தன் பேரனின் புகைப்படத்தைக் காட்டாத குறையாகப் பெருமை பேசி முடித்துவிட்டு, முதலிடம் பெற்ற மாணவன் பேச வேண்டிய இடத்தில் இருமாவைப் பேச அழைக்கிறார். கையில் ஒரு தாளையும் கொடுத்துவிடுகிறார். பையன் பயத்தில் அதில் இருப்பதை அப்படியே வாசிக்கிறான். அது தடை செய்யப்பட்ட ஒரு மந்திரம். நடுவில் நாக்கு குழறினால் உடம்பு சிதறிப்போகும். அரங்கமே உறைந்து நிற்கிறது. தடுமாறாமல் வாசித்து முடித்த பிறகு கிடைக்கும் பலன் என்ன தெரியுமா? அன்றைக்கு முழுவதும் வழுக்கி விழ மாட்டான். அவ்வளவுதான். ஆனால் பார்த்தவர்களுக்கு அவன் உயிரைத் துச்சமாக மதிக்கும் ஒரு பயங்கரமான ஆள் ஆகிவிட்டான்.

பேச்சு வாய்ப்பைப் பறிகொடுத்த முதல் மாணவன் அஸ்மோடியஸ் ஆலிஸ் சண்டைக்கு வருகிறான். இருமா திருப்பி ஓர் அடிகூட அடிக்காமல் எல்லாத் தாக்குதலிலிருந்தும் விலகுகிறான். விலகி விலகிக் கடைசியில் ஆலிஸின் முதுகுப் பக்கம் போய் நிற்க, அடுத்த கணம் மல்யுத்தத்தில் வரும் ஜெர்மன் சூப்ளெக்ஸ் பிடியில் ஆலிஸ் தலைகீழாகத் தரையில் கிடக்கிறான். தோற்றவன் ஜெயித்தவனுக்கு அடங்க வேண்டும் என்பது பிசாசுகளின் முறை. அன்று முதல் ஆலிஸ் நிழல்போல இருமாவின் பின்னால்.

இதோடு நிற்கவில்லை. ஏவல் உயிரினத்தை வரவழைக்கும் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மிருகம் வருகிறது. இருமா வரவழைத்தபோது வந்து நிற்பது அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியர் நபேரியஸ் கலேகோ. சிரிப்பே இல்லாத, மாணவர்கள் பார்த்தாலே ஒதுங்கும் வாத்தியார். அவர் குட்டி இறக்கைகளோடு உருண்டையான, பஞ்சு மாதிரி ஒரு பறவையாக மாறி நிற்கிறார். ஒப்பந்தம் ஓராண்டுக்கு. எஜமானுக்கு எதிராகக் கை ஓங்கினால் மின்னல் தாக்கும். அந்தப் பக்கத்தில் கலேகோவின் முகத்தை நிஷி வரைந்திருக்கும் விதம் இருக்கிறதே, அவமானமும் ஆத்திரமும் அந்தச் சின்ன உருண்டைக்குள் அடங்காமல் பொங்குகின்றன. இந்த மங்கா எனக்குப் பிடித்துப்போன இடம் அதுதான்.

கவனித்தால் ஒன்று தெரியும். யாரையும் கீழே தள்ளி இந்தச் சிரிப்பு வருவதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் நம்பிக்கையில் உறுதியாக இருக்கிறார்கள், அந்த உறுதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

பெற்ற பிள்ளையை விற்பதை எப்படிச் சிரித்துக் கடப்பது?

நியாயமான கேள்வி. முதல் அத்தியாயம் அதை ஒரு விரைவான நகைச்சுவையாகத்தான் காட்டுகிறது. பெற்றோர் கேலிச்சித்திரம்போல வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அதைப் படித்துச் சங்கடப்பட்டுப் புத்தகத்தை மூடியவர்கள் உண்டு.

ஆனால் அதன் விளைவு கதை முழுவதும் இருக்கிறது. இருமாவால் மறுக்க முடியாது என்பது முதலில் ஒரு வேடிக்கை. போகப்போக அதன் காரணம் புரிகிறது: தனக்கு என்ன வேண்டும் என்று யாருமே அவனிடம் கேட்டதில்லை, அதனால் வேண்டும் என்று நினைக்கவே அவனுக்குத் தெரியாது. மாணவர் மன்றத் தலைவி அமேரி அவனுடைய லட்சியம் என்ன என்று கேட்கும்போது அவனிடம் பதில் இல்லை. அதற்கப்புறம்தான் தகுதிநிலையில் மேலே ஏற வேண்டும் என்ற ஒரு சின்ன ஆசையை, வாழ்க்கையில் முதல் முறையாக, அவனாகத் தேர்ந்தெடுக்கிறான்.

அடுத்து வருவது பந்து எறிந்து மோதும் ஒரு தேர்வு. நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் எறிபந்தின் கொடூரமான வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமாவுக்கு இது லட்டு மாதிரி ஆட்டம். அவனைத்தான் எதுவும் தொடாதே. ஆனால் விலகிக்கொண்டே இருந்தால் தோற்க மாட்டானே தவிர ஜெயிக்கவும் முடியாது. அதனால் ஆலிஸையும் தோழி கிளாராவையும் எறியச் சொல்லி, பந்தை நேருக்கு நேர் வாங்கப் பழகுகிறான். உடம்பு ஒதுங்கச் சொல்கிறது, அவன் கால்களை அழுத்தி நிற்கிறான். கை சிவக்கிறது. மறுபடியும் நிற்கிறான். பார்க்க ஒரு விளையாட்டுப் பயிற்சிதான். ஆனால் பிழைப்பதற்காகவே வாழ்ந்த பையன் முதல் தடவையாக ஒன்றுக்காக அடி வாங்கத் தயாராகிறான். முதல் அத்தியாயத்தின் அந்த விற்பனையை நிஷி மறக்கவே இல்லை என்று அங்கேதான் எனக்கு உறுதியானது.

யார் யாரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

தொடக்கத்தில் மூன்று பேர் போதும். இருமா, ஆலிஸ், அப்புறம் வாலக் கிளாரா.

கிளாரா பச்சைத் தலைமுடியும் ஓயாத வாயும் கொண்ட பெண். தான் பார்த்த எந்தப் பொருளையும் பாவாடைப் பையிலிருந்து எடுத்துவிட அவளால் முடியும். மற்ற பிள்ளைகள் அவளிடம் தின்பண்டம் வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் விளையாடுவதுபோல் பாவனை செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். இருமா எதுவும் வாங்காமல் மூச்சு வாங்க வாங்க அவளோடு ஓடி விளையாடுகிறான், இனிமேல் எதுவும் கொடுக்க வேண்டாம் என்கிறான். நாலைந்து பக்கம்தான் வரும் அந்தக் காட்சி. கிளாராவை வெறும் கத்தல் பாத்திரம் என்று நினைப்பவர்கள் அதை இன்னொரு தடவை படிக்கலாம்.

வீட்டில் சல்லிவனும், பூனைக்காதுகளோடு வரும் பணியாளர் ஓபராவும். ஓபரா ஆணா பெண்ணா என்பதைக் கதை திறந்தே விட்டிருக்கிறது. பள்ளியில் கலேகோ. அவருடைய பழைய தோழரான பலம் ஷிச்சிரோ, வாயை மூடிய கவசத்தோடு பார்க்கவே மிரட்டலாக இருக்கும் ஆசிரியர். ஆனால் உயிரினங்கள் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. இருமா மனிதன் என்பது அவருக்குத் தெரியவரும்போது அவர் படும் சந்தோஷம், வாழ்நாள் முழுக்கத் தேடிய பறவை தோளில் வந்து உட்கார்ந்த ஆய்வாளரின் சந்தோஷம்.

இவர்களோடு ‘பிரச்சினைப் பிள்ளைகள் வகுப்பு’. இருமாவையும் சேர்த்து 13 பேர். அடங்காதவர்கள், விசித்திரமானவர்கள் எல்லோரையும் ஒரே வகுப்பில் தள்ளியிருக்கிறார்கள். முதலில் பெயரெல்லாம் குழம்பும், கவலைப்பட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கதை கிடைக்கிறது. கடைசி ஆளைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாளாகும், அதை நீங்களே படியுங்கள்.

இந்தப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தவை?

பெரும்பாலானவை ‘சாலமோனின் சிறு திறவுகோல்’ என்று சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மந்திர நூலிலிருந்து. அதன் முதல் பகுதியான கோயெதியா 72 பிசாசுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்த உருவில் வரும், என்ன செய்யும் என்று சொல்கிறது. ஜப்பானிய மங்காக்களிலும் விளையாட்டுகளிலும் இந்தப் பட்டியலைப் பயன்படுத்துவது புதிதில்லை. பலர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். நிஷி அந்தப் பழைய வர்ணனைகளையும் படித்து, பாத்திரங்களுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். கோயெதியாவில் சப்னாக் கோட்டைகள் கட்டி அவற்றை ஆயுதங்களால் நிரப்புபவன். மங்காவின் சப்ரோ சப்னாக் எதைக் கடித்தாலும் அதை ஆயுதமாக்குகிறான். ஷாக்ஸ் மனிதர்களின் பார்வையையும் கேட்கும் திறனையும் பறிப்பவன். லீட் ஷாக்ஸ் எதிராளியின் புலன்களைத் தட்டிப் பறிக்கிறான். ஆண்ட்ரோமாலியஸ் திருடனையும் திருட்டுப் பொருளையும் பிடித்துக் கொண்டுவருபவன். ஜாஸ் ஆண்ட்ரோவோ கைதேர்ந்த ஜேப்படிக்காரன். கெய்ம் பறவைகளின், மிருகங்களின் பேச்சைப் புரியவைப்பவன். வகுப்பில் கமுய் கெய்முக்கும் அந்தப் பாஷை புரியும். பர்சன் வரும்போது அவனுக்கு முன்னால் எக்காளங்கள் முழங்கும் என்கிறது பழைய நூல். சோய் பர்சன் கையில் இருப்பது டிரம்பெட்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கலேகோவுடையது. நபேரியஸ் கோயெதியாவில் ஒரு கருங்கொக்காக வருகிறான். இன்னொரு பக்கம் அந்தப் பெயரை மூன்று தலை நாயான செர்பெரஸோடும் சேர்த்துச் சொல்வார்கள். மங்காவில் கலேகோ சண்டைக்கு இறங்கினால் வருவது மூன்று தலை நாய். இருமா அவரை வரவழைத்தால் வருவது பறவை. முதல் படிப்பில் வெறும் வேடிக்கையாகத் தெரிந்த அந்த உருண்டைப் பறவைக்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கிறது.

இந்தப் பின்னணி எதுவும் தெரியாமலே கதையை அனுபவிக்கலாம். தெரிந்தால் இரண்டாவது வாசிப்பு தனி விருந்து.

அலெஃப், பெத் என்று வருகிறதே, அது என்ன?

தகுதிநிலைகள். எபிரேய எழுத்துகளின் வரிசை: அலெஃப், பெத், கிமெல், தாலெத் என்று தொடங்கி யோத் வரை பத்து நிலைகள். யோத் என்றால் பிசாசு உலகின் அரசர். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. சல்லிவன் ஒன்பதாவது நிலையில் இருப்பவர். இது மட்டும் தெரிந்தால் போதும்.

குழந்தைகள் படிக்கலாமா?

பத்து வயதுக்கு மேல் தாராளமாக. இதன் அனிமே (அசைபடத் தொடர்) வடிவத்தை ஜப்பானில் ஒளிபரப்பியது என்.எச்.கே.யின் கல்வித் தொலைக்காட்சி, அதுவும் சனிக்கிழமை மாலையில். அதிலிருந்தே ஊகிக்கலாம். பிசாசு, மனிதரைத் தின்பது, மந்திர வட்டம் என்று சொற்கள் பயமுறுத்தினாலும் ரத்தக்களரி இல்லை. பெண் பாத்திரங்களை ஆபாசமாகக் காட்டிச் சிரிப்பு வரவழைக்கும் பழக்கமும் கிட்டத்தட்ட இல்லை. சில பாத்திரங்கள் கவர்ச்சி மந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

ஒரே எச்சரிக்கை கிரியோ என்ற மூத்த மாணவன் வரும் பகுதி. மென்மையாகப் பேசி, அன்பாகப் பழகும் அவனுக்கு அடுத்தவர் நொறுங்கிப்போவதைப் பார்ப்பதில்தான் இன்பம். வன்முறை அதிகம் இல்லாவிட்டாலும் அந்த மனநிலை சின்னப் பிள்ளைகளைக் கலங்கவைக்கலாம். கூட உட்கார்ந்து படித்தால் நல்லது.

காதல் உண்டா?

உண்டு, ஆனால் மெதுவாக. அமேரி அஸாஸெல் பள்ளியே நடுங்கும் மாணவர் மன்றத் தலைவி. அவளுக்கு ஒரு ரகசியம்: மனித உலகிலிருந்து வந்த காதல் மங்கா ஒன்றை வைத்திருக்கிறாள். படங்களைப் பார்த்துப் பார்த்து ரசிக்கிறாள், எழுத்து புரியவில்லை. ஜப்பானியம் படிக்கத் தெரிந்த இருமா அவளுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறான். அவன் மனிதன் என்று சந்தேகித்தவள் தன் சந்தேகத்தை உறுதி செய்துகொண்டதும் இந்த வழியில்தான். கிளாராவுக்கும் இருமா மேல் பிரியம். யாரோடு சேருவான் என்ற போட்டியாக இதை நிஷி நீட்டுவதில்லை, அது எனக்கு நிம்மதி.

மங்காவில் தொடங்குவதா, அனிமேயிலா?

சத்தமும் வேகமும் பிடிக்கும் என்றால் அனிமே. பண்டாய் நாம்கோ பிக்சர்ஸ் தயாரிப்பு. முதல் பருவம் 2019 அக்டோபரில் தொடங்கி 23 அத்தியாயங்கள், 2021இல் இரண்டாவது 21, 2022 அக்டோபரில் தொடங்கிய மூன்றாவது 21. இந்த மூன்றும் சேர்ந்து 65. இருமாவுக்கு முராசே அயுமு, கலேகோவுக்கு ஓனோ டைசுகே குரல் கொடுத்திருக்கிறார்கள். கலேகோவின் அந்தக் கனத்த குரல் ஒரு பஞ்சுப் பறவையிலிருந்து வருவதைக் கேட்க வேண்டுமானால் அனிமே பார்த்தே ஆக வேண்டும்.

இருந்தாலும் என் ஓட்டு மங்காவுக்கு. நிஷியின் பக்கங்களில் முன்னால் நடப்பது ஒன்று, மூலையில் நடப்பது இன்னொன்று. பின்வரிசையில் நிற்கும் பிசாசுக்குக்கூடத் தனி உடை, தனிக் கொம்பு, தனிக் கவலை. அனிமே ஓடும் வேகத்தில் இதெல்லாம் நழுவிவிடும். உடைகளை அவர் வரையும் அக்கறைக்காகவே சில பக்கங்களை நிறுத்திப் பார்க்கலாம். சிரிப்புக் காட்சியிலிருந்து உருக்கமான காட்சிக்கு மாறும்போது கோடுகள் மெலிந்து பக்கம் வெறிச்சோடும், அந்த மாற்றமும் தாளில்தான் முழுமையாக உறைக்கும்.

மூன்றாம் பருவம் அறுவடை விழா என்ற பள்ளிப் போட்டியோடு முடிகிறது. அதுவரை பார்த்து முடித்தவர்களுக்கு மங்காவில் அடுத்து வருவது இசை விழா. அங்கிருந்து தொடரலாம். ஆனால் முடிந்தால் முதலிலிருந்தே படியுங்கள்.

எவ்வளவு நீளம்? எங்கே கிடைக்கும்?

ஜப்பானியப் பதிப்பு 40 தொகுதிகளைத் தாண்டிவிட்டது, கதை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 2023 முதல் கோதான்ஷா யு.எஸ்.ஏ. வெளியிடுகிறது. மங்காவுக்கே புதியவர் என்றால் ஒரு விஷயம்: புத்தகத்தை நமக்குப் பின்னட்டையாகத் தெரியும் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும், கட்டங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒரு அத்தியாயம் முடிவதற்குள் கண் பழகிவிடும்.

துணைக் கதைகளையும் படிக்க வேண்டுமா?

அவசியமில்லை. இருமாவும் நண்பர்களும் மாஃபியாக் கும்பலாக இருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனையில் ஒரு தனித் தொடர் உண்டு. மூலக் கதையின் ஆட்களை நன்றாகத் தெரிந்த பிறகு படித்தால்தான் அதில் சுவாரசியம்.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. முதல் சில அத்தியாயங்கள் ஒரே அச்சில் வார்த்தவை: இருமா பயப்படுவான், தப்பிப்பான், புகழடைவான். மூன்று தடவை பார்த்தவுடன் நான்காவது என்ன என்று தெரிந்துவிடும்.

அறுவடை விழா இன்னொரு சிக்கல். காட்டுக்குள் உணவுப் பொருள் சேர்க்கும் நான்கு நாள் போட்டி அது. வகுப்பு சின்னச் சின்ன அணிகளாகப் பிரிந்துவிடுவதால் கதை இங்கும் அங்குமாகத் தாவுகிறது, இருமாவைப் பல அத்தியாயங்களுக்குப் பார்க்க முடியாது. ஒவ்வொருவருக்கும் வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்ற நிஷியின் எண்ணம் புரிகிறது. வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அது நீண்ட காத்திருப்பாகத்தான் இருந்திருக்கும். இப்போது தொகுதியாகச் சேர்த்துப் படிக்கும்போது அந்தத் தொய்வு குறைகிறது. இருமாவுக்கு வில்வித்தை சொல்லித்தரும் பார்பட்டோஸ் பச்சிகோ அந்தப் பகுதியின் பெரிய வரவு. ஆளோ குட்டை, வாயோ கடுமை, பாடமோ ஒரே ஒரு அம்பை ஒழுங்காக எய்வது.

இன்னொரு மனத்தாங்கல் அந்தப் பெற்றோர் விஷயத்தில். கதை அந்தப் பக்கம் திரும்ப ரொம்பவே தயங்குகிறது. எனக்கு அவர்களைப் பற்றி இன்னும் முன்னாலேயே, இன்னும் கண்டிப்பாகப் பேசியிருக்கலாம் என்று படுகிறது.

இருமா மனித உலகத்துக்குத் திரும்பிப் போவானா?

அவனுக்கு அந்த ஆசையே பெரிதாக வருவதில்லை. யோசித்தால் அதில் வியப்பில்லை. திரும்பிப் போய் யாரிடம் சேருவான்? அதனால் ‘வீடு திரும்புவானா’ என்ற பதற்றத்தில் கதை ஓடவில்லை. அவன் மனிதன் என்பது யாருக்கெல்லாம் தெரியவரும், தெரிந்த பிறகு அவர்கள் அவனோடு எப்படிப் பழகுவார்கள் என்பதில்தான் பதற்றம். ஆலிஸும் கிளாராவும் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பதற்றம் கூடுகிறது. தன்னை நம்பும் இரண்டு பேரிடம் தினமும் ஒன்றை மறைத்துக்கொண்டு சிரிப்பது அவனுக்குச் சுமை. சின்னச் சின்னக் கட்டங்களில், பேச்சில்லாமல், அந்தச் சுமையை நிஷி காட்டிக்கொண்டே வருகிறார்.

எதுவரை படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்?

முதல் தொகுதியோடு நிறுத்தாதீர்கள். கிரியோவின் கதை முடியும் வரை, அதாவது அனிமேயின் முதல் பருவம் முடியும் இடம் வரை படியுங்கள். வேடிக்கையாகத் தொடங்கியது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்று அங்கே தெரிந்துவிடும். அதற்கப்புறம் வருவது இருமாவைத் தீய மனநிலை பிடித்துக்கொள்ளும் பகுதி. தலைமுடியைத் தூக்கிச் சீவி, சட்டையைத் திறந்துவிட்டு, யாருக்கும் பணியாமல் அதிகாரமாகப் பேசும் இருமா. பழைய அரசர் படித்த, ராயல் ஒன் என்று பெயர் கொண்ட மூடிக்கிடக்கும் வகுப்பறைதான் தங்களுக்கு வேண்டும் என்று அடம்பிடிப்பான். கிரியோ பகுதி பிடித்தவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. கிரியோ பகுதியும் பிடிக்கவில்லை என்றால் இந்த மங்கா உங்களுக்கானதில்லை, தயங்காமல் அடுத்ததற்குப் போகலாம்.